இந்தக் கருவி இப்போது யார் கையில்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்து பாருங்கள். உங்கள் கணினியில் இருக்கும் ஏதாவது ஒரு வேர்டு கோப்பை நோட்பேடில் திறவுங்கள். பழைய டாக் வேண்டாம், டாக்எக்ஸ் கோப்பாக இருக்கட்டும். திரை முழுக்கப் புரியாத குறிகள் கொட்டும். பயப்படாதீர்கள், எதையும் சேமிக்காமல் மூடிவிட்டால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. மூடுவதற்கு முன்னால் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில் பி, கே என்று இருக்கும். எக்செல் கோப்பைத் திறந்தாலும் அதே இரண்டு எழுத்து. மின்னூலின் இபப் கோப்பிலும், ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பிலும் அதேதான். ஃபிலிப் காட்ஸ் என்ற அமெரிக்கருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், 37 வயதில் அவர் இறந்துபோனார். மைக்ரோசாஃப்ட் டாக்எக்ஸ் வடிவத்தை ஆஃபீஸ் 2007இல் கொண்டுவந்தபோது அவர் இல்லை. எழுத்துகள் மட்டும் உங்கள் வீட்டுக் கணினி வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

நான் பேச வந்தது கணினியில் நாம் அன்றாடம் எடுத்துப் புழங்குகிற சின்னச் சின்ன இலவசக் கருவிகளைப் பற்றி. கோப்பைச் சுருக்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, பிடிஎஃப்பை வெட்டி ஒட்ட ஒன்று, தமிழில் தட்டச்சிட ஒன்று. எந்த வேலைக்கு எது நல்லது என்று பெயர்களைக் குறித்துக்கொள்ள நோட்டோடு சிலர் வந்திருப்பதைப் பார்க்கிறேன். பெயர்கள் வரும். ஆனால் என் பேச்சின் சாரம் வேறு. ஓர் இலவசக் கருவி நன்றாக வேலை செய்கிறதா என்று எல்லாரும் பார்க்கிறோம். அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இந்தத் துறையில் நடந்த நல்லது கெட்டது இரண்டுமே பெரும்பாலும் கை மாறுகிற இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

காட்ஸ் கதையை முடித்துவிடுகிறேன். 1980களில் இணையம் வீடுகளுக்கு வரவில்லை. அமெரிக்காவில் கணினி வைத்திருந்தவர்கள் தொலைபேசி வழியாகப் புல்லட்டின் போர்டு எனப்பட்ட பொதுக் கணினிகளை அழைத்து நிரல்களைப் பரிமாறிக்கொண்டார்கள். நொடிக்கு 2400 பிட் வேக மோடத்தில் ஒரு எம்பி கோப்பு வந்துசேரக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். கோப்பைச் சுருக்கினால் நேரடியாகக் காசு மிச்சம். அதற்கு அப்போது பரவலாக இருந்த கருவி ஆர்க். செய்தவர் டாம் ஹெண்டர்சன். மில்வாக்கி நகரத்து இளைஞரான காட்ஸ் அதைப் பார்த்து, முக்கியமான பகுதிகளை அசெம்பிளி மொழியில் எழுதி, அதைவிட வேகமான ஒன்றை வெளியிட்டார். 1988இல் ஹெண்டர்சனின் நிறுவனம் வழக்குப் போட்டது. ஆர்க்கின் மூல நிரலில் இருந்த எழுத்துப்பிழைகள்கூட காட்ஸ் நிரலில் அப்படியே இருந்ததாக வல்லுநர் அறிக்கை சொன்னது. காட்ஸ் பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்.

நியாயம் ஹெண்டர்சன் பக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஊர் அப்படி நினைக்கவில்லை. பெரிய நிறுவனம் ஓர் இளைஞனை நசுக்குகிறது என்று புல்லட்டின் போர்டுக்காரர்கள் கொதித்தார்கள். ஹெண்டர்சனுடையதும் சின்னக் கடைதான் என்பது பலருக்குத் தெரியாது. 1989இல் காட்ஸ் ஜிப் என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தபோது எல்லாரும் அதற்கு மாறினார்கள். அப்போது அவர் செய்த ஒரு காரியம்தான் நமக்கு முக்கியம். தன் நிரலுக்குக் காசு கேட்டார். ஆனால் ஜிப் கோப்பு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை எழுதி வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் இதைப் படிக்க, எழுத நிரல் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதனால்தான் அவர் போன பிறகும் ஜிப் போகவில்லை. 1993இல் அவர் கொண்டுவந்த சுருக்கும் முறை பிஎன்ஜி படங்களுக்குள் இருக்கிறது, நீங்கள் திறக்கும் பல இணையப் பக்கங்கள் அதே முறையில் சுருங்கித்தான் வந்து சேர்கின்றன.

டாக்எக்ஸ் கோப்பும் ஒரு ஜிப் கோப்புதான் என்று தெரிந்தால் ஒரு சின்ன வித்தை செய்யலாம். டி.டி.பி. வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி: விழா மலருக்குப் புகைப்படங்கள் கேட்டால், இருபது படத்தையும் வேர்டில் ஒட்டி அனுப்பிவைப்பார்கள். ஒவ்வொன்றாக நகலெடுத்து உட்கார வேண்டாம். அந்தக் கோப்பை 7-ஜிப்பில் திறந்து, வேர்டு என்ற கோப்புறைக்குள் மீடியா என்ற கோப்புறையைப் பாருங்கள். எல்லாப் படங்களும் வரிசையாக இருக்கும்.

7-ஜிப் என்றேன். அதைச் செய்தவர் ரஷ்யரான இகோர் பாவ்லோவ், 1999இல். பழைய காலத்துக் கருவி மாதிரி அதன் முகம் இருக்கும். அழகு என்ற பேச்சே கிடையாது. விளம்பரமும் கிடையாது, நச்சரிப்பும் கிடையாது. ஜிப்பைவிட அதிகமாகச் சுருக்கும் தன் சொந்த முறையையும் பாவ்லோவ் வெளியே விட்டார். ரார் கோப்புகளையும் அது பிரிக்கும். ரார் கோப்பு உருவாக்க மட்டும் வின்ரார் வேண்டும், அந்த வடிவத்தின் உரிமை அதை உண்டாக்கியவர்களிடமே இருக்கிறது. வின்ரார் 40 நாள் சோதனை என்று சொல்லும். நாற்பது நாள் முடிந்து பதினைந்து வருஷம் ஆனவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? (சிரிப்பு.) நியாயப்படி அது காசு கட்ட வேண்டிய மென்பொருள், கட்டவில்லை என்றாலும் வேலை செய்வதால் இலவசம் ஆகிவிடாது.

அடுத்து விஎல்சி. ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பு படம் போட்டது. பென் டிரைவில் வரும் எந்தக் காணொளியையும் ஓட்டும் என்பதால் கல்யாண மண்டபம் முதல் கல்லூரிக் கருத்தரங்கு வரை எங்கும் இருக்கிறது. இது பிறந்த கதை வேடிக்கையானது. பாரிஸ் அருகே எக்கோல் சென்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரி. 1990களில் அதன் விடுதி வளாகத்தில் கணினி வலையமைப்பை மாணவர்களே நடத்தினார்கள். பழைய டோக்கன் ரிங் வகை, ஆமை வேகம். விளையாட்டுகள் ஓடவில்லை என்பது மாணவர்களின் உண்மையான குறை. புது வலையமைப்பு கேட்டார்கள். கல்லூரி, வெளியே புரவலரைப் பிடியுங்கள் என்றது. வளாகத்தில் அறைக்கு அறை டிஷ்ஷும் பெட்டியும் வைப்பதைவிட, ஒரே ஒரு டிஷ் வைத்துச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வலையமைப்பு வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பிக் காட்டினால் என்ன என்ற யோசனை வந்தது. காணொளி அனுப்ப வேகமான வலையமைப்பு வேண்டும் அல்லவா? 1996இல் அப்படித் தொடங்கிய மாணவர் திட்டம்தான் விஎல்சி. கூம்பு எப்படி வந்தது என்றால், அந்த மாணவர் சங்கத்துப் பையன்கள் சாலைக் கூம்புகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உடையவர்கள். எங்கிருந்து சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டாம்.

படித்து முடித்தவர்கள் போய்விடுவார்கள், திட்டம் குப்பைக்குப் போகும். கல்லூரித் திட்டங்களின் வழக்கமான முடிவு அது. இங்கே அப்படி நடக்கவில்லை. கல்லூரி நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து, 2001 பிப்ரவரி 1 அன்று அதன் மூல நிரலை ஜிபிஎல் என்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றிப் பகிர்பவர் தன் மாற்றத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். இன்று வீடியோலேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. அதன் தலைவர் ழான் பாப்திஸ்த் கெம்ப்ஃப், விளம்பரமும் உலாவிப் பட்டைகளும் சேர்த்துத் தந்தால் பெரும் பணம் தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பதிவிறக்கங்கள் 600 கோடியைத் தாண்டிவிட்டதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். தலைக்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள விளம்பரம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்படும் பங்கு இல்லை. 2022 பிப்ரவரி முதல் வீடியோலேன் தளம் இந்தியாவில் பல இணைப்புகளில் திறக்கவில்லை. தொலைத்தொடர்புத் துறை ஆணைப்படி முடக்கப்பட்டது என்ற அறிவிப்புதான் வந்தது. அந்த அமைப்புக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் இல்லை, காரணம் கேட்கும் வாய்ப்புத் தரவும் இல்லை. டெல்லியில் உள்ள இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு அவர்கள் சட்ட அறிவிப்பு அனுப்பிய பிறகு, நவம்பரில் தடை விலகியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தளம் முடங்கியதே தவிர, விஎல்சிக்கான தேவை முடங்கவில்லை. அசல் இடத்தில் கிடைக்காதபோது மக்கள் என்ன செய்வார்கள்? தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் இறக்குவார்கள். பாதுகாப்புக்காகப் போட்ட தடையாகவே இருந்தாலும், மக்களைத் தெரியாத தளங்களுக்குத் தள்ளுவதுதான் அதன் விளைவு.

கோடையில் தண்ணீர்ப்பந்தலில் குடிக்கும்போது பானையை யார் நிரப்பினார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை, தாகம் அப்படி. கணினியில் விசாரிக்காமல் குடிக்கக் கூடாது. ஏன் என்பதற்கு நடந்த சங்கதிகளைச் சொல்கிறேன்.

சோர்ஸ்ஃபோர்ஜ் என்று ஒரு தளம். விஎல்சியைப் போல நிரல் திறந்த, கட்டற்ற மென்பொருள்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் அதுதான் பெரிய சந்தை. கிம்ப் என்ற படத்திருத்தக் கருவியும் அங்கேதான் இருந்தது. தளத்தின் பக்கங்களில் வந்த ஏமாற்று விளம்பரங்கள் பிடிக்காமல் 2013இல் கிம்ப் குழு வெளியேறியது. கைவிடப்பட்ட கணக்கு என்று சொல்லி, 2015இல் தளமே அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, கிம்ப் நிறுவியோடு வேண்டாத விளம்பர மென்பொருளைச் சேர்த்து விநியோகித்தது. கிம்ப் அதே கிம்ப்தான், பெயரும் படமும் மாறவில்லை. சுற்றியிருந்த காகிதம்தான் மாறியது. ஊரே திரண்டு சத்தம் போட்டதும் நிறுத்தினார்கள். 2016இல் தளத்தை வேறு நிறுவனம் வாங்கியது. புதியவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்த ஏற்பாட்டையே ஒழித்தது. ஆக, கை மாறினால் கெடும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, திருந்தவும் செய்யும்.

கணினியைத் துப்புரவு செய்யும் சீகிளீனர் விஷயம் இன்னும் கெட்டது. கணினி மெதுவாக ஓடுகிறது என்றால் சர்வீஸ் செய்பவர் முதலில் போடுவது அதுதான். 2017 ஜூலையில் அதன் தாய் நிறுவனமான பிரிஃபார்மை அவாஸ்ட் நிறுவனம் வாங்கியது. ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த 5.33 பதிப்புக்குள் தீம்பொருள் இருந்தது, செப்டம்பர் நடுவில்தான் வெளியே தெரிந்தது. அதிகாரபூர்வத் தளம், முறையான டிஜிட்டல் கையொப்பம், எல்லாம் சரியாக இருந்தன. 22 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் போய் உட்கார்ந்தது. நிறுவனம் கைமாறுவதற்கு முன்பே ஊடுருவியவர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள் என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. வாங்கியவர்கள் வீட்டோடு சேர்த்துத் திருடனையும் வாங்கியிருந்தார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், இந்த வகைக் கருவியே தேவையில்லை. ரெஜிஸ்ட்ரியைத் துடைப்பதால் கணினி வேகமாகாது. குப்பைக் கோப்புகளை நீக்க விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. பத்து வருஷக் கணினி மெதுவாக ஓடினால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், அதுதான் மருந்து.

ஒலிப்பதிவுக் கருவி ஆடாசிட்டி 2021இல் மியூஸ் என்ற நிறுவனத்திடம் போனது. அடுத்த இரண்டு மாதத்தில் வந்த தனியுரிமை அறிவிப்பைப் படித்துப் பயனர்கள் கொதித்துப்போனார்கள், நிறுவனம் அதைத் திருத்தி எழுதியது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூல நிரல் திறந்திருந்ததால், பிடிக்காதவர்கள் அதைக் கிளை பிரித்துத் தனியாக நடத்த முயன்றார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய மென்பொருளில் கோபப்படலாம், பிரிந்து போக முடியாது.

இப்போது நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

பாவ்லோவ் 7-ஜிப்புக்காக உருவாக்கிய சுருக்கும் முறையை லினக்ஸ் உலகத்துக்குக் கொண்டுபோன கருவி எக்ஸ்இசட். உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது, அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்தச் சின்னக் கருவி இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்ற ஒரே ஒருவர். சம்பளம் இல்லை. 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். நல்ல திருத்தங்கள். 2022இல் வேறு சில பெயர்களில் காலினுக்கு மின்னஞ்சல்கள் வந்தன: ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. தனக்கு மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் அவர் பொதுவில் எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நெருக்கடி தாங்காமல் மெல்ல மெல்லப் பொறுப்பைப் பகிர்ந்தார். யாரோடு? அந்த ஜியா டானோடு.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 5.6.0, 5.6.1 என்று இரண்டு பதிப்புகள் வந்தன. அவற்றில் சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் ஒரு பின்வாசல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. சாவி வைத்திருப்பவர், அந்தப் பதிப்பு ஓடும் சர்வருக்குள் கடவுச்சொல் இல்லாமலே நுழைந்து எதையும் செய்யலாம். பெரும்பாலான சர்வர்களுக்குப் போவதற்கு முன், சோதனைப் பதிப்புகளில் இருந்தபோதே பிடிபட்டது. பிடித்தவர் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்குப் பங்களிப்பவர். பாதுகாப்பு ஆய்வு அவர் வேலை இல்லை. வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைப் பார்த்தார். நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம். அவர் விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று கண்டுபிடித்ததை வெளியிட்டார்.

இதைச் சொல்லும்போது சிலர், பார்த்தீர்களா, இலவசம் என்றாலே ஆபத்து என்பார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. நிரல் திறந்திருந்ததால்தான் ஃப்ராய்ண்டால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. தவறு நடந்த இடம் அதற்கும் முந்தையது. கோடிக்கணக்கான ரூபாய் சம்பாதிக்கும் நிறுவனங்கள் எல்லாம் அந்தக் கருவி மேல் ஏறி நின்றன, சுமந்தவருக்கு ஓர் உதவியாளர் வைத்துக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. தனியாக, களைத்துப்போன ஒரு மனிதரிடம் வந்து, நான் வேண்டுமானால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளவா என்று கேட்ட ஒரே ஆள் கயவனாக இருந்தான்.

சரி, நம் தெருவுக்கு வருவோம்.

தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை, பட்டா, எதற்கு எடுத்தாலும் படம் இத்தனை கேபிக்குள், பிடிஎஃப் இத்தனை கேபிக்குள் என்கிறார்கள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பிடிஎஃப் சுருக்குவது எப்படி என்று தேடி, வரும் முதல் தளத்தில் ஆதார் நகலையும், சாதிச் சான்றிதழையும், மதிப்பெண் பட்டியலையும் ஏற்றுகிறார்கள். பிரவுசிங் சென்டரிலும் இதே கதைதான், ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய ஆதார் போகிறதோ. அந்தத் தளம் எந்த நாட்டில் இருக்கிறது, ஏற்றிய கோப்பை எப்போது அழிக்கும், யாருக்குத் தெரியும்? சில தளங்கள் யோக்கியமானவையாகவே இருக்கலாம். ஆனால் இந்த வேலைக்கு இணையமே தேவையில்லை என்பதுதான் விஷயம். பிடிஎஃப் பக்கங்களைப் பிரிக்க, சேர்க்க பிடிஎஃப்சாம் பேசிக் போதும், கட்டற்ற மென்பொருள். லிப்ரே ஆஃபீஸ் டிராவில் பிடிஎஃப்பைத் திறந்து, ஏற்றுமதி செய்யும்போது படங்களின் தெளிவைக் குறைத்தால் அளவு குறையும். ஸ்கேனரிலிருந்து நேராக பிடிஎஃப் எடுக்க நாப்ஸ்2 இருக்கிறது. எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், வலையைப் பிடுங்கி வைத்துவிட்டுக்கூடச் செய்யலாம்.

புகைப்படத்தைச் சிறிதாக்க இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கிலியான் 1996 முதல் நடத்திவருகிறார், தன் பெயரையே வைத்துவிட்டார். சின்னக் கருவி, மின்னல் வேகம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில் பயன்படுத்தத்தான் இலவசம். ஸ்டூடியோவிலும் ஜெராக்ஸ் கடையிலும் வைத்துத் தொழில் செய்தால் உரிமக் கட்டணம் உண்டு. அதன் மூல நிரலும் திறந்ததல்ல. அவர் ஒருநாள் நிறுத்திவிட்டால் அதோடு நின்றது. விஎல்சிக்கு அந்த நிலை வராது.

தமிழ்த் தட்டச்சுக் கருவிகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சல் பணியைத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டு விஸ்வநாதன் அழகியைக் கொண்டுவந்தார். நியூ ஹொரைசன் மீடியா என்எச்எம் ரைட்டரை இலவசமாகத் தந்தது. முகுந்தராஜ் தொடங்கிய இ-கலப்பை கட்டற்ற மென்பொருளாக வந்தது. இவை இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் இன்னும் தமிங்கிலத்தில் எழுதிக்கொண்டிருப்போம். இவற்றைச் செய்தவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி கண்விழித்து இதைச் செய்தவர்கள். நாம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன என்று யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்துவைத்த பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டரும் பொங்குதமிழும் இருக்கின்றன. அச்சகங்களில் ஆண்டுக்கணக்கான நூல்கள் பாமினியிலேயே கிடக்கின்றன. மாற்றிவைக்கிற வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், மாற்றும் கருவிகள் என்றைக்கும் இருக்கும் என்று எழுதிக்கொடுத்தவர் யாருமில்லை.

கை மாறி நல்லது நடந்ததற்கும் இன்னோர் உதாரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. டெசராக்ட் என்ற கருவி அச்சிட்ட பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்துகளாக்கித் தரும். ஹெச்பி நிறுவனம் 1985 முதல் பத்தாண்டு உழைத்து உருவாக்கிவிட்டுப் பரணில் போட்டுவிட்டது. 2005இல் அதன் நிரலைத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் கூகுள் ஆதரவில் வளர்ந்தது. தமிழும் அதில் சேர்ந்தது. ஹெச்பி ஆய்வகத்தில் தமிழைப் பற்றி ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று உங்கள் தாத்தா பதிப்பித்த, மறுபதிப்பே காணாத ஒரு நூலை ஸ்கேன் செய்து, டெசராக்ட் கொண்டு தேடத்தக்க எழுத்தாக்கலாம். நாப்ஸ்2க்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது, தமிழைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய ஈய அச்சில் பிழை வரும், உட்கார்ந்து திருத்த வேண்டும். இந்த நூலகத்தில் அதற்கு ஆட்கள் கிடைக்கமாட்டார்களா என்ன?

சர்வீஸ் செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது, அதில் எல்லா மென்பொருளின் நிறுவிகளும் இருக்கின்றன. ஊரில் பாதிக் கணினிகளுக்கு அதிலிருந்துதான் போடுகிறீர்கள். அதில் ஐந்து வருஷப் பழைய பதிப்புகளும், கிராக் செய்த ஃபோட்டோஷாப்பும் இருப்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கிராக் என்பது முகம் தெரியாத ஒருவர் திறந்து மாற்றிய நிரல். அதை நிறுவ ஆன்டிவைரஸை நிறுத்தி வையுங்கள் என்று அவரே சொல்கிறார். திருடன் வாசலில் நின்று நாயைக் கட்டச் சொல்வதைக் கேட்டு நாமும் கட்டுகிறோம். அந்தப் பென் டிரைவை ஒருமுறை காலி செய்து, ஒவ்வொன்றையும் அதனதன் சொந்தத் தளத்திலிருந்து மறுபடி இறக்கி நிரப்புங்கள். ஊருக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம் அதுவாக இருக்கும்.

மற்றவர்களுக்கு நான் கேட்பது சிறிய காரியம்தான். 7-ஜிப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் எச்சரிப்பதைத் தாண்டிப்போகும் ஓட்டை ஒன்று அதில் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 24.09 பதிப்பில் அதை அடைத்தார் பாவ்லோவ். அந்த ஓட்டை வழியாக உக்ரைனில் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. இன்றிரவு உங்கள் கணினியில் 7-ஜிப்பைத் திறந்து, உதவிப் பட்டியலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 24.09க்கு முந்தையதாக இருந்தால், 7-ஜிப் டாட் ஆர்க் என்ற தளத்துக்கு நேராகப் போய் அங்கே இருப்பதில் ஆகப் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.